வீக்கத்தைச் சதை என்று நம்பியவர்கள்

ரப்பர் தோட்டத்தை விட்டுச் செமோர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு மாட்டுவண்டி என்னைத் தாண்டிப் போனது. முன்பென்றால் நான் அதைத் தாண்டியிருப்பேன். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை பால்மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெஞ்சு படபடத்தது. இது குணமாகிக்கொண்டிருந்தவனின் நடை. நோய் முற்றியிருந்தபோது இதுகூட முடிந்திருக்காது.

பின்னால் லயத்தில் (கூலிகள் குடியிருக்கும் வரிசை வீடுகளில்) என் தம்பி முத்தையா இருந்தான். ஊரிலிருந்து வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அவன் வரக்கூடாது என்று நான் செய்த காரியமே அவனைக் கொண்டுவந்து சேர்த்தது. இதே நோயோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை.

முதலில் கால்விரல் இடுக்கில் அரிப்பு. மழையில் எல்லோருக்கும் வருவதுதான் என்று விட்டுவிட்டேன். பிறகு சோர்வு. நான் எங்கும் நிலைத்து இருந்தவனல்ல. பீடோரில் கொஞ்ச காலம், கோலா கங்சாரில் கொஞ்ச காலம். அலுத்தால் கிளம்பிவிடுவேன். இந்தச் சோர்வு கிளம்பிய இடத்துக்கெல்லாம் கூடவே வந்தது. முகம் வெளுத்து உப்பியது. கணுக்கால் வீங்கியது. மண் தின்னத் தோன்றியது. அடுப்பு மண்ணைப் பெயர்த்து வாயில் போட்டிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கங்காணி ஆள் சேர்க்க ஊருக்குப் புறப்பட்டார். அங்கே காட்டுவதற்காக ஈப்போவிலிருந்து படம் பிடிப்பவர் ஒருவரை வரவழைத்தார். கங்காணி லயம் முழுவதும் பார்த்துவிட்டு என்னைப் பிடித்தார்.

"அடேயப்பா, நெறம் வந்திருக்கு, சதை போட்டிருக்கு. கல்யாண மாப்பிள்ளையாட்டம் இருக்கியேடா!"

"ஒடம்பு முடியல கங்காணி. மூச்சு வாங்குது."

"ஒக்காந்து எடுக்கிற படத்துக்கு மூச்சு எதுக்குடா? கோட்ட மாட்டு."

யாருடைய கோட்டோ தெரியாது, மாட்டிக்கொண்டேன். படம் என் ஊருக்கே போனது.

அவர் போன பிறகு ஒரு நாள் காலை மரத்தடியில் விழுந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் (மருந்து கொடுப்பவர்) என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்தது, நிறைய நேரம் மூடவில்லை.

"இது சதையில்லடா, தண்ணி. ரத்தம் பூரா வெளியேறிப் போச்சு."

கொக்கிப்புழு (குடலைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும் புழு) என்றார். மலம் கலந்த மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக ஏறுமாம். அதனால் வந்தது சோகை (இரத்தம் வெளுத்துப் போதல்). பட்டினி போட்டுப் புழு எண்ணெய் கொடுத்தார்கள், அதற்கு மேல் பேதி உப்பு. காதுக்குள் இரைந்தது, கூரை சுற்றியது. விட்டுவிட்டு மறுபடியும் அதே. பிறகு நாக்கைக் கறுப்பாக்கும் இரும்பு மருந்து. வீக்கம் வடிய வடிய எலும்பு தெரிந்தது.

"சாகக் கெடந்தப்ப மாப்பிள்ளை மாதிரி இருந்த, பொழைக்கிறப்ப பொணம் மாதிரி இருக்க. கண்ணாடி பாக்காத" என்றார் டிரெசர்.

நீங்களும் முகத்தைப் பார்க்காதீர்கள். கண்ணிமையின் உள்பக்கத்தைப் பாருங்கள். காலை அழுத்திப் பாருங்கள்.

படுக்கையில் இருந்தபோது ஊரிலிருந்து கடிதம் வந்தது. படத்தைப் பார்த்த முத்தையா புறப்பட யோசிக்கிறானாம். எனக்கு உடம்பு சரியில்லை, வராதே என்று எழுதினேன். வீட்டிலிருந்து பதில் வந்தது: படத்தில் ராஜா மாதிரி இருக்கிறாய், தம்பி நன்றாக இருப்பது உனக்குப் பிடிக்கவில்லையா? எழுத்தை நம்பாதவர்களுக்குப் படத்தாலேயே பதில் சொல்ல நினைத்தேன். நடக்க முடிந்ததும் ஈப்போவில் ஒரு சீனர் படக்கடைக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினேன்.

"கழட்டாத லா! அங்க கோட்டு இருக்கு, கைக்கடியாரம் இருக்கு. எல்லாம் சும்மா தாரேன்" என்றார் கடைக்காரத் தவுக்கே (முதலாளி).

"வேணாம் தவுக்கே. இப்படியே எடுங்க."

"செத்த ஆளு மாதிரி இருக்கு."

"சாகல தவுக்கே. பொழச்சுக்கிட்டு இருக்கேன்."

"அப்ப சிரி லா."

நான் சிரிக்கவில்லை. செத்துக்கொண்டிருந்த உடம்பு முதல் படத்தில் வாழ்ந்தது. தேறிக்கொண்டிருந்த உடம்பு இரண்டாவதில் செத்துக்கொண்டிருந்தது. தெரிந்துதான் அனுப்பினேன்.

முத்தையா அந்தப் படத்தை மூட்டையில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினான்.

"மொதப் படத்தப் பாத்துட்டு வரலாமா வேணாமான்னுதாண்ணே இருந்தேன். இதப் பாத்தப்புறம் அங்க எப்படி இருக்கிறது? நீ ஒக்காரு. ஒன் வேலய நான் பாக்கிறேன்."

மறுநாளே வெறுங்காலோடு பால் வெட்டக் கிளம்பினான். சப்பாத்து (பூட்ஸ்) போடச் சொன்னேன். லயமே சிரித்தது. "தொரையோட தம்பி வந்திருக்காரு, சப்பாத்து கொண்டாங்கடா!" அவனும் சேர்ந்து சிரித்தான்.

"இங்க இருந்தா நீயும் என்ன மாதிரிதான் ஆவ. வா, ஈப்போவுக்குப் போலாம்" என்று கத்தினேன்.

"கங்காணி பேருல, அவரு கடன்ல வந்திருக்கேண்ணே. ஓடிப்போனா ஊர்ல ஆத்தாவ நிம்மதியா விடுவானுங்களா?"

எனக்குத் தெரிந்த ஒரே வழி கிளம்புவது. கிளம்பிவிட்டேன்.

செமோரில் கடைவாசலில் மழைக்கு ஒதுங்கினேன். அங்கிருந்து ஈப்போ ஒன்றும் தொலைவில்லை. கால் சம்மதித்தால் போகலாம். ஆனால் இரண்டு படங்களையுமே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டிலும் இடுப்புக்கு மேலேதான் நான் இருந்தேன். பாதம் இல்லை, மண் இல்லை. புழு அங்கேதான் இருக்கிறது. தோட்டத்தில் கக்கூஸ் உண்டு. அதைச் சுத்தம் செய்தவர் காய்ச்சலில் போன பிறகு வேறு யாரும் அந்த வேலைக்கு வரவில்லை. நிரம்பி வழிந்தது. ஆட்கள் மரவரிசைக்குள் ஒதுங்கினார்கள். முத்தையா விடியலில் அந்த மண்ணில்தான் நடக்கிறான்.

மழை விட்டதும் வந்த வழியே திரும்பினேன். மறுநாள் காலை டிரெசரிடம் போய் அந்தக் கக்கூஸ் வேலையைக் கேட்டேன்.

"ஒன் தம்பி ஒன்கூட ஒக்காந்து சாப்பிடுவானாடா?"

"சாப்பிடாட்டி போறான்."

இப்போது என் நாளுக்குக் காலை மாலை இல்லை. ஒரு வாளி, பிறகு மூச்சு, பிறகு அடுத்த வாளி. உடம்பு எவ்வளவு கொடுக்கும் என்று அதையே கேட்டுக்கொண்டு செய்ய வேண்டியிருக்கிறது.

வேலையைத் தொடங்கிய அன்று, பால் வெட்டப் போகிற வழியில் முத்தையா என்னைப் பார்த்தான். நின்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தான். நான் முதல் வாளியைத் தூக்கினேன்.