கரைக்கு வெளியே ஒரு லயம்

எண்பதுகளின் நடுவில் நான் மலேசியாவின் கோலா சிலாங்கூர் கடலோரத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். கடல்நீர் உள்ளே ஏறாமலிருக்கப் புதிய மண்கரை கட்டத் திட்டம் போட்டிருந்தார்கள். அளக்க வந்தவர் தமிழர். ஒல்லியான உடம்பு, வெயிலில் கறுத்த கழுத்து. எந்த வாய்க்காலைக் கண்டாலும் குனிந்து, விரலில் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். "உப்பு ஏறிக்கிட்டே வருது கிராணி" என்பார்.

மூன்றாம் நாள் கரைக்கு அடையாளமாக அவர் அடித்த மர முளைகள், தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி லயத்தைச் சேர்க்காமல் தோட்டப் பக்கமாகவே போயின. லயம் கரைக்கு வெளியே, கடலோடு விடப்பட்டிருந்தது. அங்கே குடியிருந்த முனியம்மா ஓடிவந்தார்.

"அப்ப கடலு எங்க வீட்டுக்குள்ளதானே வரும்? மாத்திப் போடுங்கய்யா."

அளக்க வந்தவர் வரைபடத்தை விரித்தார். "இதுல உங்க லயமே இல்லம்மா. பழைய படம். மேல எழுதிப் பாத்துட்டேன். அளக்குறதோட நிறுத்திக்கன்னுட்டாங்க."

மறுநாள் காலையில் அவரே முளைகளைப் பிடுங்கி, லயத்தைத் தாண்டிக் கடலோரமாக நட்டார். ஒரு வாரத்தில் வேறு ஆட்கள் வந்து பழைய இடத்திலேயே அடித்தார்கள். கரையும் அங்கேதான் எழுந்தது. அவரை நான் மறுபடி பார்க்கவில்லை.

அந்த ஒரு வாரத்தில் முனியம்மா வாசலில் கத்திரி நாற்று நட்டார். முளைகள் நிலைக்காது என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. அந்த மனிதர் செய்தது இரக்கமா, கொடுமையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.