விகாரை மணலில் ஜினதாசவுக்குப் பக்கத்தில்

கொழும்புத் துறைமுகத்தில் 1938ஆம் ஆண்டு, கிரேனில் தொங்கிய அரிசி மூடைகள் சங்கிலி அறுந்து மேலே விழுந்து நிக்கலஸ் செத்துப்போனான். கிரேனை ஓட்டியவன் ஜினதாச என்ற சிங்களவன். சங்கிலியில்தான் பிழை என்று விசாரணை முடிந்தது. அவன் குடித்திருந்தான் என்று துறைமுகம் முழுக்கக் கதை.

நிக்கலஸின் அண்ணன், கொட்டாஞ்சேனைச் சவுந்தரநாயகமும் அங்கேதான் மூடை சுமந்தார். சாவுக்குப் பிறகு அவர் மாதா கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்குவதை நிறுத்திவிட்டார். மனைவி கொன்ஸ்ரன்ஸ் காரணம் கேட்டாள்.

"அவனை வெட்டவேணும் எண்டு நெஞ்சுக்க வச்சுக்கொண்டு என்னெண்டு வாங்கிறது?"

ஜினதாச வேலையை விட்டுவிட்டான், பௌர்ணமிப் போயா நாட்களில் வெள்ளை உடுத்துப் புத்த விகாரையில் இருக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். அடுத்த போயாவன்று சவுந்தரநாயகம் மூடை தூக்கும் இரும்புக் கொக்கியை இடுப்புச் சாரத்தில் செருகிக்கொண்டு போனார்.

போதிமரத்தின் கீழ் ஜினதாச தனியாக இருந்தான். நிழல் விழவும் கண் திறந்தான். சாரத்தில் புடைத்திருந்ததைக் கண்டும் ஓடவில்லை.

"அண்ணே, நீங்க வருவீங்க எண்டு தெரியும்," என்றான், துறைமுகத்தில் பழகிய தமிழில். "அண்டைக்கு நான் குடிச்சிருந்தது உண்மை. சொல்லப் பயம்."

"அதை மறக்கவோ இங்க வந்து குந்தியிருக்கிறாய்?"

"மறக்க ஏலாது. மூச்சைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். நிக்கலஸ் வருவான். துரத்திறதும் இல்ல, பிடிச்சு வைக்கிறதும் இல்ல. போவான். திரும்பவும் வருவான்."

சொல்லிவிட்டுக் கண்களை மூடினான். குனிந்த கழுத்து எட்டும் தூரத்தில் இருந்தது. சவுந்தரநாயகம் கொக்கியை உருவினார். மேடேறும் வண்டில்மாடு போலத் தன் மூச்சு இரைவது அப்போதுதான் அவர் காதில் விழுந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கேட்டபடியே நின்றார். இரைச்சல் மெல்ல மெல்ல இறங்கியது. கொக்கியைக் கீழே போட்டு, ஜினதாசவுக்குப் பக்கத்திலேயே மணலில் குந்தி விம்மி அழுதார்.

அந்தக் கிழமையே ஜினதாச பொலிசுக்குப் போய் உண்மையைச் சொன்னான். மறியல் தண்டனை கிடைத்துச் சிறைக்குப் போனான். சவுந்தரநாயகம் அதற்குப் பிறகும் போயாவுக்குப் போயா அந்த மரத்தடிக்குப் போய் இருந்தார். பங்குச் சுவாமியார் கூப்பிட்டு ஏசினார்.

"கும்பிடப் போகேல்ல சாமி. சும்மா இருக்கப் போறன். அங்க இருந்து வந்தாப் பிறகுதான் செபமும் வருது."

ஞாயிறு பூசைக்கும் தவறவில்லை, நன்மையும் வாங்கினார். ஒரு காலை, தம்பி செத்த பிறகு முதல் தடவையாக, சவரம் செய்துகொண்டே அவர் சீட்டியடிப்பது அடுப்படிக்குக் கேட்டது. கொன்ஸ்ரன்ஸ் அடுப்பூதும் குழலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.