என் வலி பொதுச் சொத்தல்ல

மலேரியாக் காய்ச்சல் இலங்கையெங்கும் பரவி ஓய்ந்ததற்கு மறு வருஷம். ஒரு காலை பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது ரவிக்கையின் இடதுபக்கம் என்னைச் சுட்டது. அடுப்புப் பொறி ஏதும் விழுந்துவிட்டதோ என்று துணியை உதறிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கண்டி மழையில் சரியாகக் காயாத துணி உறுத்துகிறது என்று நினைத்துக்கொண்டு, குளத்தங்கரை வழியே நடந்து போய்ப் பாடமும் நடத்தினேன்.

சில நாட்களில் முதுகிலிருந்து மார்புக்குக் கீழ்வரை, இடது விலாவில் பட்டை போட்டதுபோல் கொப்புளங்கள் கிளம்பின. அக்கி. என் கணவர் அந்தோணி ஒரு தேயிலைக் கம்பெனியில் கிளார்க்; பயந்த சுபாவம். யாரோ சொன்னார்களென்று ஒரு குயவரை அழைத்துவந்து செங்காவியால் அக்கி எழுத வைத்தார். எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்குச் சாமிக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று அதற்கும் அவரே நடுங்கினார். எனக்கோ காவியின் குளிர்ச்சி இதமாக இருந்தது. கொப்புளங்கள் வற்றின, தோல் ஆறியது. எரிச்சல் மட்டும் போகவில்லை.

ஆறிய தோலைக் காட்டி ‘எரிகிறது’ என்று சொல்லி, எதிரே இருப்பவர் முகத்தில் நம்பிக்கையின்மையைப் பார்த்துப் பார்த்து அலுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் பாதகமில்லை.

சேலைத் தலைப்பு உரசினால் உயிர் போகும். ஈ உட்கார்ந்தால் கத்துவேன். ஆனால் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்தால் சற்று அடங்கும். மெல்லத் தொட்டால் வலி, அழுத்தினால் இதம். இந்த விசித்திரத்தை நான் சொன்னபோது, ஒரு வைத்தியர் என் கணவரைப் பார்த்து, வீட்டில் ஏதும் மனஸ்தாபமா என்று கேட்டார். அன்று எனக்கு வந்த கோபத்தில் விலா எரிச்சல்கூட இரண்டாம் பட்சமாகிவிட்டது.

லீவில் படுத்தேன். பங்குச் சாமி பார்க்க வந்தார். அவரே எங்கள் பள்ளிக்கூடத்தின் மனேஜரும். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் என் பெயரைச் சொல்லி, இந்த ஆசிரியை தம் நோவைப் பொறுமையோடு ஒப்புக்கொடுக்கிறார் (தன் வேதனையைப் பிறர் தேவைக்காகக் கடவுளிடம் காணிக்கையாக வைப்பது) என்று புகழ்ந்தாராம். அன்று பிற்பகலே ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

“இன்னைக்கு நோவை எங்க வீட்டுக்காரர் குடிக்காம இருக்கணும்னு ஒப்புக்கொடுங்க டீச்சர்.” “எம் மகளுக்கு நல்ல இடமா அமையணும் டீச்சர்.” தெல்தோட்டைத் தோட்டத்திலிருந்துகூட ஒரு குடும்பம் வந்தது. கையில் மெழுகுதிரியும் வாழைப்பழமும். நான் விசுவாசம் இல்லாதவளல்ல. வீணாய்ப் போகிற வலி யாருக்காவது பயன்படட்டுமே என்று சம்மதித்தேன். முதலில் அது ஆறுதலாகவும் இருந்தது, பொய் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஒப்புக்கொடுப்பதற்கு முதலில் வலியைத் தேடிப் பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, எங்கே எரிகிறது, எவ்வளவு எரிகிறது என்று ஊன்றி நினைக்க வேண்டும். நினைக்க நினைக்க அது வளர்ந்தது. வந்தவர்கள் நிம்மதியோடு போவார்கள். நான் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பேன்.

இதற்கு நேர்மாறாக ஒன்றும் நடந்தது. ஒரு நாள் குரங்கு ஒன்று சமையலறைக்குள் புகுந்து வாழைப்பழச் சீப்போடு கிளம்பியது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். இடது கையை ஓங்கி, வேலிவரை துரத்தி, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். திரும்பி வந்து மூச்சு வாங்கும்போதுதான் எனக்கு உறைத்தது: ரவிக்கை விலாவில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது, எனக்கு வலிக்கவில்லை. உறைத்த கணமே வலி வந்துவிட்டது.

இதை யாரிடம் சொல்வது? ‘பார்த்தாயா, எல்லாம் மனசுதான்’ என்பார்கள். டவுனில் டிஸ்பென்சரி வைத்திருந்த ஒரு யாழ்ப்பாணத்து டாக்டரிடம் போனேன். குறைவாகப் பேசுகிறவர். குரங்குக் கதையைச் சிரிக்காமல் முழுவதும் கேட்டார். தோலைப் பஞ்சால் தடவினார், நான் துள்ளினேன். விரலால் அழுத்தினார், பேசாமல் இருந்தேன்.

“ஓம், புண் ஆறீட்டுது. ஆனா அக்கி தோலில தொடங்கிற வருத்தம் (நோய்) இல்லை. முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில, நரம்பின்ர வேரில தொடங்கிறது. அந்த வேர் பழுதாப் போச்சுது. அதால முண்ணாண் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு) சும்மா தொட்டாலும் நெருப்பெண்டு மூளைக்குச் சொல்லுது.”

“அப்போ குரங்கைத் துரத்தினப்ப ஏன் சொல்லலை டாக்டர்?”

அவர் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“தவளையின்ர மூளையை வெட்டிப்போட்டுக் காலைத் தொட்டா, முந்தினதை விடக் கூடத் துள்ளும். மூளை இருக்கேக்க மேலயிருந்து ‘அடங்கு’ எண்டு கட்டளை போகுது. சேதி மேல போற மாதிரி, கட்டளை கீழயும் வருது. நோவுக்கும் அப்பிடித்தான் இருக்கும் எண்டு நான் நினைக்கிறன். இன்னும் ஒருத்தரும் வடிவா நிரூபிக்கேல்லை.”

“அப்போ இது என் கற்பனை இல்லையா?”

“ஆர் சொன்னது கற்பனையெண்டு? நோவு நிசம். கூடுறதும் நிசம், குறையிறதும் நிசம்.”

நான் அங்கேயே அழுதுவிட்டேன். வலிக்காக அழவில்லை. ஒரு மனிதர் நம்பியதற்காக அழுதேன்.

மாத்திரைகள் கொடுத்தார். அவை அரைகுறையாகத்தான் கேட்டன. பருத்தித் துணியை விலாவைச் சுற்றி இறுக்கிக் கட்டி, அதன்மேல் ரவிக்கை போடச் சொன்னார். அது மாத்திரையை விடக் கேட்டது. படுத்துக்கிடக்காமல் புத்தியை இழுத்துப் பிடிக்கிற வேலை எதையாவது செய்யச் சொன்னார். எனக்குத் தெரிந்த அப்படிப்பட்ட வேலை ஒன்றுதான்: பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிப்பது. ஆனால் புதுப் பள்ளித் தவணையோடு என் இடத்தில் வேறொருவரை நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது.

அந்த வாரம் செசிலியம்மா வந்தார். எங்கள் கோயில் பாடற்குழுவில் இருப்பவர், நல்ல மனுஷி. வேலை வெட்டியின்றி ஊரே தவித்த காலத்தில், அவருடைய மூத்த மகனுக்குப் பிலிமத்தலாவையில் ஒரு கடையில் வேலை கிடைத்திருந்தது. என் நோவினால் கிடைத்ததென்று சொல்லி என் கையைப் பிடித்து முத்தமிட்டார். எனக்குச் சற்றுக் குறைந்திருக்கிறது, பள்ளிக்கூடம் போகப் பார்க்கிறேன் என்று சொன்னேன். அவர் முகம் மாறியது.

“இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க டீச்சர். சின்னவனுக்கும் ஒரு வழி பொறக்கட்டும். அதுக்குப் பொறகு சொகமாகுங்க.”

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் என்னைக் கலங்கடித்தது. நான் குணமாவது இந்த ஊரில் ஒருவருக்கும் தேவைப்படவில்லை.

“செசிலியம்மா, என் வலி என்ன பொதுக் குழாயா, ஆளாளுக்கு வந்து தண்ணி பிடிச்சிட்டுப் போக? ஒங்க மகனுக்காக ஜெபிக்கிறேன், தெனமும் ஜெபிக்கிறேன். ஆனா ஒருத்தருக்காகவும் இனி நோயாளியா இருக்க மாட்டேன்.”

அவர் அழுதுகொண்டே போனார். அந்தோணி வாசலில் நின்று கையைப் பிசைந்தார்.

“ஏன் மார்கிரட் இப்படிப் பேசிட்டே? சாமி காதுக்குப் போயிடுமே.”

“போகட்டும். நானே போய்ச் சொல்றேன்.”

மறுநாள் காலையிலேயே விலாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சாமி தங்கும் அறைவீட்டுக்குப் போனேன். ஏற்றத்தில் ஒவ்வொரு அடிக்கும் எரிந்தது. அந்தோணி கூடவே குடை பிடித்து வந்தார். சாமி அன்பாகத்தான் வரவேற்றார்.

“டீச்சர், படிப்பிக்க எத்தனையோ பேர் இருக்காங்க. நோவைச் சுமந்து பாடுபட ஆண்டவர் உங்களைத்தான் தெரிஞ்செடுத்திருக்கார்.”

“அப்போ அந்த வேலைக்குத்தான் சாமி லீவு கேட்டு வந்திருக்கேன்.”

அவர் சிரிப்பாரென்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வலியோடு எப்படி வகுப்பில் நிற்பீர்கள், பிள்ளைகள் முன்னால் துடித்தால் என்ன செய்வது என்று கேட்டார். துடித்தால் துடிக்கிறேன், பிள்ளைகள் அதையும் பார்க்கட்டும் என்றேன். அப்போதுதான் அந்தோணி வாய் திறந்தார். என் பயந்தாங்கொள்ளி அந்தோணி!

“சாமி, வீட்டுல கெடந்தா இவ செத்துப்போவா. வகுப்புக்குப் போனா வலிக்கும், அவ்வளவுதான். அவ எடத்தக் குடுங்க.”

ஒரு தவணை பார்ப்போம், முடியாவிட்டால் விலகிவிட வேண்டும் என்றார் சாமி. ஒப்புக்கொண்டேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ‘மனதைத் திடப்படுத்து, வலி போய்விடும்’ என்று உங்களிடமும் வந்து சொல்வார்கள். நம்பாதீர்கள். மூளையின் கட்டளை நாம் சொல்லி இறங்குவதில்லை. வலியோடு மல்லுக்கு நின்றால் அது இன்னும் எகிறும். வேறொன்று நம்மை முழுதாக எடுத்துக்கொள்ளும்போது மட்டும், நம்மைக் கேளாமலே அந்த ‘அடங்கு’ கட்டளை இறங்குகிறது. இறங்காத நாட்களும் உண்டு. அந்த நாட்களில் உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

தவணை தொடங்கியது. முதல் நாள் கரும்பலகைக்கு முன் நிற்கும்போது எனக்கு வேர்த்துக் கொட்டியது. பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது ஏன் ஒன்றைத் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம் என்று கேட்டேன். ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. அப்படித்தான் செய்ய வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பலகையை அழித்தேன். ரொட்டியைப் படமாக வரைந்து, பாதியாக வெட்டி, கால்வாசியாக வெட்டி, அரை ரொட்டிக்குள் எத்தனை கால் ரொட்டி இருக்கிறது என்று கேட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். பின்வரிசையில் ஒருத்தியின் கண் விரிந்தது. அவளை எழுப்பி மற்றவர்களுக்குச் சொல்ல வைத்தேன். இன்னொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது.

படுக்கையில் ஒரு மணி நேரம் என்றால் அது நகரவே நகராது. ஒவ்வொரு நிமிஷத்தையும் விலா எலும்பில் வாங்கிக் கழித்தவள் நான். பாடம் இப்போதுதானே தொடங்கியது! வெண்கட்டியும் கையுமாக வெளியே போய், மணியடிக்கும் சீமோனைப் பிடித்துக்கொண்டேன்.

“யாரக் கேட்டு முந்தியே அடிச்சீங்க?”

“நேரத்துக்குத்தான் டீச்சர் அடிச்சேன். நீங்களே மணிக்கூட்டப் பாருங்க.”

பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஒரு பாடவேளை முழுவதும் வலி என்னைத் தொடாமல் போயிருந்தது. மணிக்கூட்டின் முன் நின்றபடியே நான் சிரித்தேன். சீமோன் பயந்துபோய்ப் பார்த்தார். இடது விலாவில் எரிச்சல் மெல்ல எழுந்தது. எழட்டும். எனக்குக் கணக்கு பாதியில் நின்றிருந்தது. வகுப்புக்குத் திரும்பினேன்.