ஆர்லோவின் நகமும் டுவேனின் ஸ்கேலும்

அமெரிக்காவின் மொன்டானாவில் நார்வே வழிவந்த லூத்தரன் கிறிஸ்தவர்கள் பொய் சொல்வதில்லை. யாராவது கேட்டால்தானே சொல்வதற்கு? கேட்கிற அளவுக்கு அங்கே யாரும் வாய் திறப்பதில்லை.

ஆர்லோ ஸ்டென்ஸ்ருட் தன் விரல்கள் மரத்துப்போனதை எட்டு மாதமாக இப்படித்தான் மறைத்து வைத்திருந்தார். கீமோ குடலில் இருந்த கட்டியைக் கரைத்தது. போகிறபோக்கில் விரல் நுனிகளின் உணர்ச்சியையும் கொண்டுபோய்விட்டது.

முப்பத்தேழு ஆண்டாக வீட்டுத் துப்பாக்கிகளுக்கு அவரேதான் தோட்டா அடைக்கிறார். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை அச்சில் அழுத்தி ஒடுக்கி, அளவு பார்க்கும் கேஜுக்குள் போட்டுப் பார்ப்பார். கட்டைவிரல் பருமனில் ஓர் எஃகுக் குழல். நீளத்தை மட்டும் பார்க்கும் கேஜும் கடையில் இருந்தது. கூட்டின் இடுப்புப் பருமனையும் சேர்த்துப் பார்ப்பதைத்தான் வாங்கினார், கடைக்காரரின் மதியச் சாப்பாடு ஆறிப்போகும்வரை விசாரித்து. குழலின் வாயில் இரண்டு படிகள். கூட்டின் அடி அவற்றுக்கு நடுவே நிற்க வேண்டும். மேலே துருத்தினால் துப்பாக்கியின் போல்ட் மூடாது. அதிகம் கீழே இறங்கினால் சுடும்போது கூடு கிழியலாம். அந்த மயிரிழையை ஆர்லோ நகத்தால் தடவியே சொல்லிவிடுவார். மைத்துனர் டுவேன் கேஜின் மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்தபோது, "நீ வாத்தியார் வேலைக்குப் போயிருக்கலாம்யா" என்று சிரித்தவர் ஆர்லோ.

எல்க் மான் வேட்டை தொடங்க இரண்டு நாள் இருந்தது. சுட்டுப் பழகப் போன மகள் மார்லிஸ் பாதியில் திரும்பி வந்தாள்.

"அப்பா, மூணாவது தோட்டாவுக்கு போல்ட் மூடல."

"துப்பாக்கியத் துடைச்சியா?"

"துடைச்சேன்."

"போன வருஷமும் இதையேதான் சொன்ன."

அவள் அந்தத் தோட்டாவைக் கேஜுக்குள் போட்டு அவர் பக்கம் நகர்த்தினாள். ஆர்லோ நகத்தால் தடவினார்.

"சரியாத்தான் இருக்கு."

டுவேன் மறந்துவிட்டுப்போன ஸ்கேலை எடுத்து அவள் கேஜின் மேலே வைத்தாள். துருத்தி நின்ற கூட்டின் அடியில் பட்டு ஸ்கேல் இப்படியும் அப்படியும் ஆடியது. டிக், டிக்.

"இந்த வருஷம் கடையில வாங்கிக்கட்டுமாப்பா?"

கடைத் தோட்டா அந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. ஆனால் கேள்வி வந்துவிட்டது.

"விரல்ல ஒண்ணும் தெரியல மார்லி. கீமோவுலேருந்து."

"காப்பிக் கோப்பைய ரெண்டு கையாலயும் பிடிச்சீங்களே, அப்பவே தெரியும்."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

ஆர்லோ மீதித் தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கேஜில் போட்டு, ஸ்கேலை வைத்து, காதைச் சாய்த்துக் கேட்டார். காது இன்னும் அவருடையதாகத்தான் இருந்தது. பதினொன்று 'டிக்' என்றன. அவற்றை அவரே பிரித்துப் போட்டார். மற்றவற்றை மார்லிஸ் தன் பையில் அடுக்கிக்கொண்டாள்.

"டுவேன்கிட்ட சொல்லிடாத."

"மாமா கேட்டா?"

ஆர்லோ ஸ்கேலைத் துடைத்து, கேஜுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கேக்க மாட்டான்."