சாவிக்கொத்தில் ஒரு சின்னச் சாவி

அவளுக்கு மூக்குதான் முதலாளி. சலவைக்கடைக்கு வருகிற அழுக்கு மூட்டைகளைப் பிரித்துப் போடுவது வேலை. எந்தச் சட்டையில் மீன் எண்ணெய் ஏறியிருக்கிறது, எந்த விரிப்பில் பிள்ளை மூத்திரம் காய்ந்திருக்கிறது என்று கையில் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள். கடையில் அவளுக்கு மோப்பம் என்றே பேர். அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாள், கோபப்பட மாட்டாள். அதிகம் பேசுகிறவளும் இல்லை.

புருஷன் தொலைதூர பஸ் டிரைவர். மற்ற டிரைவர்கள் வீடு திரும்பினால் ஆளுக்கு முன்னால் டீசலும் வியர்வையும் வாசலுக்கு வரும். இவர் வந்தால் பச்சை சோப்பு வாசனைதான் வரும். "நாள் முழுக்க வண்டி ஓட்டிட்டு வந்தாலும் எங்க வீட்டுக்காரர் இப்பக் குளிச்ச மாதிரி இருப்பார்" என்று அவள் அடித்துக்கொள்ளும் ஒரே பெருமை அது.

சாப்பாட்டு விஷயத்தில் பெருமைக்கு வழியே இல்லை. தட்டை வைத்தால் ஒரு வாய் எடுப்பார். அப்புறம் சோற்றில் விரலால் கோடு போட ஆரம்பித்துவிடுவார்.

"ஏங்க, உப்புக் குறைச்சலா?"

"உப்பெல்லாம் இருக்கு, ருசிதான் இல்ல. வழியில நாங்க நிறுத்துற கடையில மீன் வறுப்பான் பாரு... அதைத் தின்ன நாக்கு இதைத் தின்னுமா?"

மகளைப் பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்த பிறகும் இதே பாட்டுதான். கண்ணால் பார்க்காத அந்தக் கடை அவளுக்குச் சக்களத்தி மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பளபளக்கும் தரையையும் விரிப்புப் போட்ட மேசைகளையும் மனசுக்குள் அவளே போட்டுக்கொடுத்து, அவளே பொறாமையும் பட்டாள்.

இன்னொன்றும் உண்டு. அவர் சாவிக்கொத்தில் ஒரு சின்னப் பித்தளைச் சாவி தொங்கும். "இது எதுக்கு?" என்று ஒருமுறை கேட்டதற்கு, "டூல்ஸ் பெட்டி" என்றார். அவள் விட்டுவிட்டாள்.

மகளுக்கு ஏழாம் மாசம். அழைத்து வர ரயிலில் போனவள், திரும்பும்போது ரயிலில் இடம் கிடைக்காமல் மகளோடு அவர் ஓட்டுகிற பஸ்ஸிலேயே ஏறினாள். பஸ் என்றாலே குமட்டும் என்று அதுவரை அந்த வண்டியில் அவள் கால் வைத்ததில்லை. சின்னச் சின்ன ஊர்களாக வந்துகொண்டிருந்தன. ஒரு ஊரில் டீக்கடைக்காரி வாசலைக் கழுவித் தள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே வெள்ளையடித்த கழிப்பறை.

"அம்மா, அடக்க முடியலம்மா" என்றாள் மகள்.

இவள் கண்டக்டரைக் கூப்பிட்டுச் சொன்னாள். "கொஞ்சம் பொறுங்க அண்ணி. நம்ம கடை வந்துரும். அங்கதான் நிறுத்தணும்" என்றான். அந்த ஊர் போயிற்று. அடுத்த ஊரும் போயிற்று. மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள்.

கடைசியில் ஊரே இல்லாத பொட்டலில் வண்டி நின்றது. இறங்கும்போதே அவள் மூக்கு அறிவித்துவிட்டது. கழிப்பறைக்குக் கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. உள்ளே கணுக்கால் வரைக்கும் தேங்கிய தண்ணீர், அதில் மிதந்ததைச் சொல்ல வேண்டாம். சுவரில் கை வைத்தால் கை ஒட்டியது. உள்ளே போன மகள் போன வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தாள்.

சாப்பாட்டுக் கூடம் இன்னும் மோசம். ஒருவன் தரையைத் துடைத்த துணியாலேயே மேசையைத் துடைத்தான். துணிகளோடேயே வாழ்கிறவளை அதில் ஏமாற்ற முடியாது. மீன் நேற்றைய எண்ணெயில் இன்னொரு முறை செத்திருந்தது. பஸ் கூட்டம் தலையைக் குனிந்து விழுங்கிக்கொண்டிருந்தது.

இதற்கா என் சோற்றில் கோடு போட்டார்?

அவரைத் தேடினாள். கூடத்தின் மூலையில் ஒரு திரை. விலக்கினாள். மின்விசிறி, துவைத்த விரிப்பு, ஆவி பறக்கும் சோறு, முறுகலாக வறுத்த புது மீன். அவரும் கண்டக்டரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இங்க எதுக்கு வந்த? இது டிரைவர் ரூம்."

"உங்க மக நிக்க முடியாம நிக்குறா."

"வெளியதான் இருக்கே?"

"அதுல நீங்க போவீங்களா?"

"அண்ணன் எதுக்கு அண்ணி அங்க போறாரு? அவருக்குத்தான் பின்னாடி தனியா..." என்ற கண்டக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டான். டிரைவரின் கண் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த சாவிக்கொத்துக்குப் போனது. அவள் கண்ணும் போனது.

கொத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தாள்.

பின்கட்டில் பூட்டியிருந்த கதவுக்குப் பித்தளைச் சாவி பொருந்தியது. வெள்ளை ஓடு பதித்த அறை, நிரம்பிய வாளி, மாடத்தில் பச்சை சோப்பு. அதே வாசனை. ஒரு வண்டி ஜனத்தை இந்தச் சாக்கடையில் கொட்டிவிட்டு அதற்குக் கூலியாக வாங்கிய வாசனை. இத்தனை வருஷம் இதைத்தானே மோந்து மோந்து பூரித்திருக்கிறாள்!

உள்ளே அனுப்பிய மகள் வெளியே வந்தபோது, கைப்பிள்ளையோடு ஒருத்தி தயங்கி நின்றாள். "போம்மா" என்றாள் இவள். அவளுக்குப் பின்னால் இன்னும் இருவர் வந்தார்கள். வரிசை வளர்ந்தது.

கடை முதலாளி ஓடிவந்தான். "யாரைக் கேட்டுத் திறந்த? இது டிரைவருக்கு மட்டும்தான்!"

வரிசையில் நின்ற கிழவி விடவில்லை. "ஏன்யா, டிரைவருக்கு மட்டும்தான் மூத்திரம் வருமா? எங்களுக்கு என்ன பன்னீரா வருது? தள்ளி நில்லு!"

பெண்கள் சிரித்தார்கள். முதலாளி டிரைவரிடம் திரும்பி, "உண்ட வீட்டுக்கே ரெண்டகமா? இனிமே உன் வண்டி இங்க வரக்கூடாது" என்று சாவியைக் கழற்றி வாங்கிக்கொண்டான். அவர் எச்சில் கையோடு நின்றார். வீடு வரும்வரை கண்ணாடியில்கூட இவளைப் பார்க்கவில்லை.

அதன்பிறகு அவர் டீசல் நாற்றத்தோடு வந்தார். வைத்ததைக் கோடு போடாமல் தின்றார். வெள்ளையடித்த கழிப்பறை இருக்கிற அந்த ஊரில்தான் இப்போது நிறுத்துவதாகவும் சொன்னார். "உங்கப்பாவுக்குப் புத்தி வந்துருச்சுடி" என்று மகளிடம் மெல்லச் சொன்னாள். பேத்தி பிறந்தாள். மகளும் பிள்ளையும் அப்பா வண்டியிலேயே திரும்பிப் போவதென்று முடிவானது.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் அவர் உள்ளே வந்தார். அவள் தலை நிமிர்ந்தது.

சோப்பு. பச்சை சோப்பு இல்லை, ரோஜா வாசனை.

ஆணியில் அவர் மாட்டிய கொத்தைப் பார்த்தாள். பித்தளை தொங்கிய இடத்தில் ஒரு வெள்ளைச் சாவி ஆடிக்கொண்டிருந்தது. அவர் உட்கார்ந்து ஒரு வாய் எடுத்தார். விரல் சோற்றில் கோடு போட ஆரம்பித்தது.

அவள் தட்டை இழுத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டுட்டுதானே வர்றீங்க" என்றாள். பிறகு உள்ளே திரும்பி, "பாப்பா துணியெல்லாம் பெரிய பையில வைம்மா, நாளைக்கு நாம ரயில்ல போறோம்" என்றாள்.