முனிக்கு எதற்குப் பெட்ரோல்

திண்டுக்கல் நாகல்நகரில் கேமரா பொருத்தும் கடை வைத்திருக்கும் சகாயசெல்விக்கு நாற்பத்தோரு வயது. பத்தொன்பது வயதில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாண வீடுகளில் வீடியோக்காரர் படம் எடுக்கும்போது பக்கத்தில் நின்று விளக்கைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மணப்பெண்ணின் மூக்குத்தி கண்ணைக் கூச வைத்தால் கையை இரண்டு விரல் இறக்க வேண்டும், மாப்பிள்ளையின் கன்னம் இருண்டால் ஓரடி தள்ளி நிற்க வேண்டும். யாரும் சொல்லிக் கொடுக்காமலே ஒரு வருடத்தில் அதெல்லாம் அவளுக்குப் பிடிபட்டது. ஆளாளுக்குக் கையில் போன் வந்து ஸ்டுடியோ மூடியபோது கண்காணிப்புக் கேமரா மாட்டக் கற்றுக்கொண்டாள்.

ஏணியில் ஏறுவதும் அவள்தான். கணவன் ஸ்டான்லி அரசுப் பேருந்தில் நடத்துநர். உயரம் என்றாலே அவனுக்குத் தலை சுற்றும். விடுமுறை நாட்களில் வந்து ஏணியைப் பிடித்துக்கொள்வான். அவள் உச்சிப் படியில் கால் வைத்ததும், பழக்கதோஷத்தில், "போலாம் ரைட்" என்பான்.

போன ஆவணியில் ஒரு நாள் மொக்கைச்சாமி என்ற பூ விவசாயி கடைக்கு வந்தார். சாணார்பட்டிக்குப் பக்கத்து ஊர். அறுபதை நெருங்கிய மனிதர், சட்டைப்பையில் இரண்டு செவ்வந்தி மொட்டு கிடந்தது. மேசை மேல் போனை வைத்து ஒரு படத்தை ஓட விட்டார். திரை முழுக்க வெள்ளைப் புகை. அதற்கு நடுவே இன்னும் வெள்ளையாக ஒன்று வட்டம் வட்டமாகச் சுற்றியது.

"என்னண்ணே இது?"

"எங்க ஊருல முனிங்கறாங்க, தாயி. என் ஸ்கூட்டர்ல தெனமும் பெட்ரோல் கொறையுது. விடியக்காலம் நாலு மணிக்கு நான் ஊருக்கு வெளிய இருக்க தோட்டத்துக்குப் பூப் பறிக்க நடந்து போயிருவேன். ஆறு மணிக்கு வந்து வண்டிய எடுத்தா முள்ளு எறங்கிக் கெடக்கு. அதான் எட்டு மெகாபிக்சல்னு கேமரா ஒன்னு வாங்கி நானே மாட்டுனேன். இதுதான் தெரியுது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "முனிக்கு எதுக்கு தாயி பெட்ரோலு?" என்றார்.

சகாயசெல்விக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகம் அவ்வளவு கவலையாக இருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

ஸ்டான்லியின் விடுமுறை நாள் மாலையில் இருவரும் போனார்கள். வீட்டுக்கு முன்னால் விரிந்த சிமெண்ட் களம். அதன் ஓரத்தில் ஸ்கூட்டர். களத்துக்கு அந்தப் பக்கம் செவ்வந்திப் பாத்தி. கேமராவைத் தாழ்வாரத்துக் கூரைக்கு அடியில், வெள்ளையடித்த சுவரை ஒட்டி மாட்டியிருந்தார். செல்வி ஏணியில் ஏறிப் பார்த்தாள். கேமராவின் முகத்தில் அழகான சிலந்தி வலை ஒன்று இருந்தது. நடுவில் அதன் முதலாளி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, இந்தக் கேமரா இருட்டுல கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்த அடிக்கும். அது இந்தச் சுவத்துலயும் வலையிலயும் பட்டுத் திரும்பி அது கண்ணையே கூச வச்சிருது. மூஞ்சிக்கு நேரா டார்ச் அடிச்சா நமக்கு எதுவும் தெரியுமா? அதான் இந்தப் புகை."

"எட்டு மெகாபிக்சலும்மா."

"மழை பெய்யுறப்ப வாசல்ல அண்டாவ வச்சா அம்புட்டுத் தண்ணி புடிக்கும். அதே எடத்துல டம்ளரா அடுக்கி வச்சா ஒவ்வொன்னுலயும் ரெண்டு சொட்டுதான் விழும். இருட்டுல வெளிச்சமும் அப்படித்தான். உங்க கேமராவுல டம்ளரு சாஸ்தி. நமக்கு நாலு மெகாபிக்சல் போதும். ஆனா உள்ள இருக்க சென்சார் பெருசா இருக்கணும், லென்சோட வாய் அகலமா இருக்கணும்."

"வெள்ளை லைட்டுப் போட்ட கேமரா இருக்காமே?"

"இருக்கு. ராத்திரியில லைட்டு எரிஞ்சா செவ்வந்தி என்னாகும்?"

மொக்கைச்சாமி தலையில் கை வைத்தார். இரவில் வெளிச்சம் பட்டால் செவ்வந்தி பூக்கத் தாமதிக்கும் என்பது அவருக்குத் தெரியாததா. போன வருடம் வாசலில் எரிந்த ஒரு பல்பால், அந்த ஓரத்துப் பாத்தி மட்டும் ஊரே பூத்து முடித்த பிறகு பூத்தது. டவுன்காரி இதை யோசித்துவிட்டாளே என்று அவளை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தார்.

களத்து மூலையில் மஞ்சளாக ஒரு தெருவிளக்கு இருந்தது. அதன் வெளிச்சம் களத்தில் விழுந்தது, பாத்திவரை எட்டவில்லை. அந்த வெளிச்சமே போதும் என்றாள் செல்வி. விளக்கு கேமராவின் கண்ணில் படாமல் முதுகுப் பக்கம் இருக்கும்படி, பழைய கல்தூண் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பத்தடி உயரத்தில் புதுக் கேமராவை மாட்டினாள். படத்தைப் போனுக்கு அனுப்ப, சிம் போட்ட சின்னப் பெட்டி ஒன்றையும் இணைத்தாள்.

ராமுத்தாய் டீ கொண்டு வந்தார். மொக்கைச்சாமியின் மனைவி, ஐம்பத்திரண்டு வயது. சுறுசுறுப்பான முகம். தூணுக்கு அடியிலேயே நின்றுகொண்டார்.

"இது ராத்திரி முழுக்க முழிச்சிருக்குமா?"

"முழிச்சிருக்கும்க்கா."

"சேலைக் கலரெல்லாம் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"மோட்டார் ரூமப் பாத்துத் திருப்பி வச்சா நல்லாருக்குமே. மோட்டார்தானே முக்கியம்."

"ஏ புள்ள, பெட்ரோலு மோட்டார்லயா போகுது?" என்றார் மொக்கைச்சாமி. ராமுத்தாய் டம்ளர்களை வேகமாக எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இருட்டியதும் சோதனை. திருடனாக ஸ்டான்லி. அவன் களத்தைக் கடந்து நடந்தான். நின்றபோது சிலை மாதிரி தெளிவாகத் தெரிந்தவன், நடந்தபோது இழுத்துவிட்ட சாயம் மாதிரி தெரிந்தான். கேமரா அதிக வெளிச்சம் பிடிக்க ஆசைப்பட்டுக் கண்ணை ரொம்ப நேரம் திறந்து வைத்திருந்தது. செல்வி அந்த நேரத்தைக் குறைத்தாள். படம் கொஞ்சம் இருண்டது, ஆனால் ஆள் தெளிந்தான்.

"இப்ப ஓடுங்க."

ஸ்டான்லி ஓடினான்.

"திருடன் இப்படியா ஓடுவான்?" என்றார் மொக்கைச்சாமி. "குனிஞ்சு ஓடுங்க தம்பி. கையில பெட்ரோல் கேன் இருக்கும்ல."

ஸ்டான்லி ஒரு காலிக் கேனை வாங்கிக்கொண்டு குனிந்து ஓடினான். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர், வண்டியை உருட்டிக்கொண்டு ஓடச் சொன்னார். இன்னொருவர், திருடன் ஒரு தடவையாவது விழ வேண்டும் என்றார். ஆறாவது ஓட்டத்தில் ஸ்டான்லி மூச்சு வாங்க உட்கார்ந்து, "எனக்கு ஒரு டிக்கெட் குடு, வீட்டுக்குப் போறேன்" என்றான். படத்தில் அவன் சட்டைப் பொத்தான் வரைக்கும் தெரிந்தது.

மொக்கைச்சாமியின் போனில் இடமில்லாததால், ஒரு நாள் செல்வியின் போனிலேயே படம் வரட்டும் என்று முடிவாயிற்று.

மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு, களத்தில் ஏதோ அசைகிறது என்று கேமரா சொல்ல, அவள் போன் அடித்தது. போர்வைக்குள்ளேயே திறந்து பார்த்தாள். களத்தில் ஸ்கூட்டர் போய்க்கொண்டிருந்தது. கிளிப்பச்சைச் சேலையை வரிந்து கட்டி, தலையில் துண்டைச் சுற்றி, அதில் உட்கார்ந்திருந்தவர் ராமுத்தாய். வண்டி ஒரு வட்டம் போட்டது, எதிர்ப்பக்கம் திரும்பி இன்னொரு வட்டம் போட்டது. இரண்டாவது வட்டத்தின் முடிவில் மெதுவாகச் சாய்ந்து களத்து ஓரத்து வைக்கோல் போருக்குள் நுழைந்தது. இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பிறகு ராமுத்தாய் எழுந்து, தலையில் வைக்கோலோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தார்.

செல்வியும் சிரித்தாள். வாயைப் பொத்தியும் நிற்காமல் கட்டிலே ஆடியது. ஸ்டான்லி எழுந்துவிட்டான்.

"திருடன் சிக்கிட்டானா?"

"சிக்கிருச்சு. ஆனா இன்னும் பிரேக் புடிக்கத் தெரியல."

அன்றைக்கு மொக்கைச்சாமியின் போனுக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். அது அவர் கேமரா. மறைக்க அவளுக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு ராமுத்தாயுடையது. அவரைக் கேட்காமல் அதைக் கொடுக்கவும் மனம் வரவில்லை. மொக்கைச்சாமி பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பியிருக்கும் நேரம் பார்த்து அந்த ஊருக்குப் பஸ் ஏறினாள்.

போனைப் பார்த்ததும் ராமுத்தாய்க்கு முகம் வெளுத்தது. அடுத்த நொடி போனைப் பிடுங்கிக் கண்ணருகில் கொண்டு போனார்.

"ஆத்தாடி, இது நானா? எடது கால ஏன் இப்படித் தொங்கப் போட்டிருக்கேன்?"

"அதனாலதான்க்கா வண்டி சாயுது."

"இன்னொருக்காப் போடு."

நான்கு தடவை பார்த்தார். வைக்கோலில் விழும் இடத்தை மட்டும் ஆறு தடவை பார்த்தார்.

"எல்.எல்.ஆர் வாங்கிட்டேன் செல்வி. லைசென்சுக்கு எட்டுப் போடப் பழகுறேன். கல்யாணமாகி முப்பது வருசமா அவரு பின்னாடி உக்காந்து அவரு முதுகையேதான் பாக்குறேன். ரோட்டப் பாக்கணும்னு இருக்கு."

"அண்ணன்ட்ட சொன்னா என்ன?"

"சொல்லிக்குடுக்க வந்துருவாரு. சைக்கிள் சொல்லிக்குடுத்தாரு ஒரு தடவ. பின்னாடியே ஓடியாந்து வஞ்ச வசவுல நான் வாய்க்காலுக்குள்ள போயிட்டேன்."

"அக்கா, இன்னைக்கு அவரு போன்ல இதப் போட்டுக் குடுத்துருவேன். பொய் சொல்ல மாட்டேன். இந்தப் படத்த வேணா அழிச்சிர்றேன். நாளைக்கு வாரது அவருக்குத் தெரியும்."

ராமுத்தாய் தலையில் இன்னும் ஒட்டியிருந்த வைக்கோல் துரும்பை எடுத்துப் போட்டார். களத்தைப் பார்த்தார், தூணைப் பார்த்தார்.

"போட்டுக் குடு. பாக்கட்டும். பாத்தா தூரத்துல இருந்துதானே பாப்பாரு. வைய முடியாதுல்ல."

மொக்கைச்சாமி திரும்பி வந்ததும் செல்வி அவர் போனில் வேண்டாததை அழித்து இணைப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த நாள் ஒரு தகவலும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வீட்டுக்குள் சண்டை மூட்டிவிட்டோமோ என்று யோசித்துக்கொண்டே இருந்தாள். நான்காம் நாள் காலை ஐந்து மணிக்குத் தோட்டத்திலிருந்து மொக்கைச்சாமி கூப்பிட்டார். பின்னால் நிறையக் குரல்கள் கேட்டன.

"தாயி, கேமராவ செத்தத் தெக்க திருப்பணும்."

"ஏண்ணே, திருடன் தெரியலையா?"

"மேல் வட்டம் நல்லாத் தெரியுது. எட்டுல கீழ் வட்டம் படத்துக்குள்ள வரல. அங்கதான் கால ஊனுறாளா இல்லையான்னு தெரிய மாட்டேங்குது. இங்க பூப் பறிக்கிற பொம்பளைங்க எல்லாம் ஊனலன்னு சொல்லுறாங்க. நான் ஊனுறான்னு சொல்லுறேன்."

செல்வி போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்தாள்.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லல. நான் பாக்குறது தெரிஞ்சா பதறிருவா. பெட்ரோல மட்டும் சாயங்காலம் ரொப்பி வச்சிர்றேன்."

ராமுத்தாய்க்கோ, கணவர் பார்க்கிறார் என்று தெரியும். தினமும் நிரம்பும் பெட்ரோலைப் பார்த்து வந்த சிரிப்பை அடக்குவதுதான் அவருக்குப் பாடு. இரண்டு பேரும் சோற்றுக்கு ஒரே தட்டு வெஞ்சனத்தைத் தொட்டுக்கொண்டபடி, முனி இப்போதெல்லாம் வருகிறதா என்று முகம் மாறாமல் பேசிக்கொண்டார்கள்.

திருப்பினால் மேல் வட்டம் போய்விடும் என்பதால் செல்வி அகலமாகப் பார்க்கும் லென்ஸ் உள்ள கேமராவை மாற்றி மாட்டினாள். தரையில் சுண்ணாம்பால் ஒரு பெரிய எட்டும் வரைந்து வைத்தாள். கேமரா சரியாக நிற்க அடையாளம் என்று மொக்கைச்சாமியிடம் சிரிக்காமல் சொன்னாள். அவரும் நம்பியதாகத் தலையாட்டினார். மறுநாள் படத்தில் முழு எட்டும் தெரிந்தது. கால் ஊனவில்லை. தோட்டத்தில் மொக்கைச்சாமி தோற்றுப்போய், பூப் பறிக்கும் பெண்கள் எல்லாருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார். தோற்றவர் முகத்தில்தான் பூரிப்பு அதிகம் என்று அவர்கள் பிறகு சொல்லித் திரிந்தார்கள்.

ஐப்பசியில் ராமுத்தாய் ஓட்டுநர் தேர்வுக்குப் போனார். மைதானத்தில் மொக்கைச்சாமி ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். எட்டு முடிந்து வண்டி நின்றதும் அதிகாரி, "எங்கம்மா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

"எங்க களத்துலங்கய்யா," என்ற ராமுத்தாய் மரத்துப் பக்கம் திரும்பி, "வெளிய வாங்க, ஊனலல்ல?" என்றார்.

மறு வாரம் கடைவாசலில் ஆரன் சத்தம் கேட்டது. சகாயசெல்வி எட்டிப் பார்த்தாள். கிளிப்பச்சைச் சேலை, தலையில் ஹெல்மெட், முன்னால் செவ்வந்தி மூட்டை. மார்க்கெட்டுக்குப் போகும் வழியாம்.

"ஏறு செல்வி. ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்."

"கடை திறந்து கெடக்குக்கா."

"உள்ள இம்புட்டுக் கேமரா இருக்கு, அது பாத்துக்கும். ஏறு."

அவள் ஏறினாள். ராமுத்தாய் மலைக்கோட்டைப் பக்கம் போகும் சாலையில் வண்டியைத் திருப்பினார். காற்றில் மூட்டை வாய் அவிழ்ந்து செவ்வந்திகள் ஒவ்வொன்றாய்ப் பறந்து செல்வியின் மடியில் விழுந்தன. பின்னால் வந்த பஸ் ஆரன் அடித்தது. ராமுத்தாய் பதிலுக்கு நீளமாக ஆரன் அடித்துக்கொண்டே போனார்.