காளிதாஸின் கடாவுக்கு வந்த கல்லடைப்பு

மலேசியாவின் கூலாயிலிருந்து சிங்கப்பூருக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்ஸை ஓட்டுகிற காளிதாஸ், வேலை நாளில் தண்ணீர் குடிக்க மாட்டார். எல்லைப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டால் எங்கே இறங்கி ஒதுங்குவது? இந்த முன்யோசனைக்குப் பரிசாக அவருக்குச் சிறுநீரகக் கல் வந்தது. ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் செடெனாக் பக்கத்து முனீஸ்வரர் கோயிலுக்கு ஓடினார். கல் தானாக இறங்கிவிட்டால் கறுப்புக் கடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டார். கூடவே டாக்டர் சொன்னபடி குடம் குடமாகத் தண்ணீரும் குடித்தார். கல் இறங்கியது. நன்றி முழுவதும் முனீஸ்வரருக்கே போய்ச் சேர்ந்தது.

லாயாங் லாயாங்கில் ஒரு கடா வாங்கி வந்து வீட்டுக்குப் பின்னால் கட்டினார். திருவிழாவுக்கு இன்னும் சில மாதம் இருந்தது. சாமிக்குக் கொடுப்பது எலும்பும் தோலுமாகவா இருப்பது? சோளமும் தவிடும் வாளி வாளியாகப் போட்டார். தண்ணீரை மட்டும் அளந்தே வைத்தார்.

"ரொம்பக் குடிச்சா கறி சவசவன்னு ஆயிடும்" என்பார்.

திருவிழா நெருங்கிய சமயம், ஒரு காலையில் கடா முதுகை வளைத்து முக்கிக்கொண்டு நின்றது. கத்தியது, மூத்திரம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

மனைவி புஷ்பவள்ளி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, நீங்க கக்கூஸ்ல நின்ன மாதிரியே நிக்குது!"

காளிதாஸுக்கு முகம் வெளுத்தது. உடனே மாட்டு டாக்டர் ஷாஸியாவை வரவழைத்தார்.

"கல்லடைப்பு, அங்கிள்" என்றார் ஷாஸியா. "உடம்புல தண்ணி பத்தலன்னா கிட்னி இருக்கிற தண்ணிய உள்ளுக்கே திருப்பி இழுத்துக்கும். மூத்திரம் கெட்டியாகி, தீனியில உள்ள உப்பெல்லாம் கல்லா உறைஞ்சிடும். தண்ணி வைக்கலையா?"

"அளவா வச்சேன்..."

"மனுசனுக்கும் இப்படித்தானா, டாக்டர்?" புஷ்பவள்ளி கணவனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அதே கதைதான் லா, ஆன்ட்டி."

கடாவின் குறி நுனியில் புழுப்போல நீண்டிருக்கும் துண்டில் கல் சிக்கியிருந்தது. ஷாஸியா மரத்துப்போக ஊசி போட்டு அதை நறுக்கியதும் மூத்திரம் பீறிட்டது. கடா கண்ணை மூடிக்கொண்டது. அந்தச் சுகம் என்னவென்று அந்தத் தெருவிலேயே காளிதாஸ் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் கண் கலங்கியது.

அதன்பிறகு அதை வெட்டக் கொடுக்க மனம் வரவில்லை. பூசாரி ஐயாசாமியிடம் போய், கடாவுக்கு ஆபரேஷன் நடந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அலமாக்! நறுக்கின கடாவா? ஊனமானத சாமி ஏத்துக்காதுங்க. வேற ஒண்ணு புடிச்சிட்டு வாங்க."

காளிதாஸ் ரொம்ப வருத்தப்படுவதுபோலத் தலையாட்டினார்.

வேறு கடாவைத் திருவிழாவன்று காலையில்தான் வாங்கினார். முகம் பழக நேரமே கொடுக்கவில்லை. கறிச்சோற்றை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முதல் கடா இப்போது புல் தின்று, வேண்டிய மட்டும் தண்ணீர் குடித்து, கொழுத்துக்கொண்டிருக்கிறது. யாராவது அதைக் கறிக்கு விலை கேட்டால், உயிரின் அருமை தெரியாதவர்கள் என்று காளிதாஸ் சண்டைக்குப் போகிறார்.